வெள்ளம் வந்தா கருப்பன் எங்க போவான்?

வாட்ஸ்அப் குழு: பழைய லயத்துப் பிள்ளைங்க, லாபிஸ், மலேசியா

சரசு அக்கா: எல்லாரும் இன்ஃபோபஞ்சிர்ல வெள்ள நிலவரம் பாருங்க. ஆறு வஸ்பாடாவுக்கு, அதான் உஷார் மட்டத்துக்கு, ஏறிடுச்சு. இன்னும் ரெண்டு மழை அடிச்சா 2023 மார்ச் மாதிரிதான். ஐசி (அடையாள அட்டை), சூராட் பெரானாக் (பிறப்புப் பத்திரம்) எல்லாத்தையும் பிளாஸ்டிக் பையில போட்டு வைங்க.

முத்து மாமா: போட்டாச்சு. உங்க அத்தைதான் வரமாட்டேங்குறா. கருப்பனை விட்டுட்டு நிவாரண ஹாலுக்கு வரமாட்டாளாம்.

குமரன்: மாமா, உயிர் முக்கியமா நாய் முக்கியமா?

முத்து மாமா: அதை நீயே வந்து அவகிட்ட கேளு. போன வெள்ளத்துல கடைசி வீட்டு நாய் வாஷிங் மெஷின் மேல ஏறி நின்னுச்சே, ஞாபகம் இருக்கா? சங்கிலி எட்டல. முன்னங்கால் ரெண்டும் அந்தரத்துல, கழுத்து ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு. பொம்பாக்காரங்க, அதான் தீயணைப்புக்காரங்க, போட்டுல வந்து அறுத்து விட்டாங்க. அதைப் பார்த்ததுல இருந்து இவளுக்குத் தூக்கமே இல்ல.

குமரன்: சரி மாமா, நான் ஒண்ணும் சொல்லல 🙏

தனம் டீச்சர்: அண்ணி மட்டும் இல்ல குமரா. 2005ல கத்ரினா புயல் அடிச்சப்போ அமெரிக்காவுல நியூ ஆர்லியன்ஸ்ல எத்தனையோ பேர் நாய், பூனையை விட்டுட்டு வரமாட்டோம்னு வீட்டுலயே உட்கார்ந்துட்டாங்க. பஸ்ல ஏறப்போன ஒரு சின்னப் பையன் கையில இருந்த நாயைப் பிடுங்கிட்டாங்கன்னும், அவன் ஸ்னோபால் ஸ்னோபால்னு கத்தி அழுது வாந்தியே எடுத்துட்டான்னும் செய்தியில வந்துச்சு. மறு வருஷம் அக்டோபர்ல சட்டமே போட்டாங்க. கீழ்சபையில 349 பேர் ஆதரவு, 24 பேர்தான் எதிர்ப்பு.

சரசு அக்கா: சட்டம் என்ன செய்யுது? காசு குடுக்குதா?

தனம் டீச்சர்: வீட்டுக்காரங்க கையில காசு வராது அக்கா. மாநிலமும் ஊராட்சியும் பேரிடர் திட்டம் போடும்போது வளர்ப்புப் பிராணி வச்சிருக்கவங்களையும் கணக்குல எடுக்கணும். பிராணிகளைக் காப்பாத்தி, தங்க வச்சு, தீனி போட்ட செலவை அவங்க ஃபெமா கிட்ட, அதான் அமெரிக்க அரசோட பேரிடர் இலாகா கிட்ட, கேட்டு வாங்கலாம்.

முத்து மாமா: அப்போ என் ஆடு?

தனம் டீச்சர்: 😄 நாய், பூனை, பறவை, முயல், ஆமை எல்லாம் உண்டு. ஆடு, மாடு, குதிரை, மீன், பாம்பு கிடையாது.

முத்து மாமா: ஆமைக்கு இருக்கு, ஆட்டுக்கு இல்லையா? நல்ல சட்டம் போ.

சரசு அக்கா: டீச்சர், அங்க சரி. இங்க ஹால்ல மலாய்க்காரங்களும் வந்து தங்குறாங்க, அங்கயே தொழுவுறாங்க. பக்கத்துல நாயைக் கட்டினா அவங்களுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம். பூனைன்னா பரவாயில்ல.

தனம் டீச்சர்: ஹாலுக்குள்ள கேக்கவே வேணாம் அக்கா. அங்கயும் பல ஊர்ல பிராணிங்களுக்குப் பக்கத்துலயே தனி இடம்தான். நம்ம கோயில் பின்னால கொட்டகை இருக்கே, மேட்டு நிலம். நம்ம நாட்டு 2015 பிராணி நலச் சட்டத்துல வதை பண்ணா 20,000 வெள்ளியில இருந்து 1 லட்சம் வரைக்கும் அபராதம்னு இருக்கு. அரசாங்கத்துக்குப் பொறுப்பை நம்ம தலையில கட்டத் தெரியுது. தண்ணி வந்தா எங்க கொண்டு போய்க் கட்டுறதுன்னும் அவங்கதானே சொல்லணும்? டி.ஓ. (மாவட்ட அதிகாரி) ஆபிசுக்கு இப்பவே எழுதிக் கேப்போம். கால்நடை இலாகாவுக்கும் ஒரு பிரதி.

குமரன்: லெட்டர் நான் மலாய்ல அடிச்சுத் தரேன். யார் யார் வீட்டுல என்ன இருக்குன்னு சொல்லுங்க, கணக்கு போடணும்.

சரசு அக்கா: எனக்கு ரெண்டு பூனை. குட்டி போட்டா மாறும் 🙈

கோயில் தலைவர்: கொட்டகை தரலாம். ஆனா கூண்டு இல்லாம வரக்கூடாது. நாய்க்கு ஊசி போட்ட கார்டு, லைசென்ஸ் ரெண்டும் வேணும். கழுவி விடுறது அவங்கவங்க பொறுப்பு. திருவிழா சாமான் பக்கம் யாரும் கட்டாதீங்க.

தனம் டீச்சர்: ரொம்ப நன்றி தலைவரே 🙏 எல்லாரும் நாயோட நின்னு ஒரு போட்டோ எடுத்துப் போன்ல வச்சுக்குங்க, காணாமப் போனா நம்மளுதுன்னு காட்டலாம். கூட்டிட்டுப் போக முடியாத நிலைமை வந்தா சங்கிலியையாவது கழட்டி விட்டுடுங்க. அப்புறம், திரும்பி வந்து வீடு கழுவும்போது பூட்ஸ் போடுங்க, எலிக்காய்ச்சல் அந்தத் தண்ணியிலதான் வருது.

முத்து மாமா: அத்தைகிட்ட படிச்சுக் காட்டினேன். பையைத் தூக்கி வாசல்ல வச்சுட்டா. யார்கிட்டயாவது பெரிய கூண்டு இருக்கா? கருப்பன் பழைய கோழிக்கூண்டுல தலையைத்தான் விடுவான்.

குமரன்: எங்க செம்பனைக் கொட்டகையில ஒண்ணு கிடக்கு, கதவு மட்டும் கம்பி போட்டுக் கட்டணும். சாயங்காலம் லோரியில போட்டு கொண்டாறேன்.

முத்து மாமா: வரும்போது ஆட்டுக்கும் கயிறு கொண்டா. தலைவரே, ஆடும் வரும், இப்பவே சொல்லிட்டேன்.