18 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு வருமென்று காத்திருக்கலாமா? 8 ஜிபியில் ரெண்டர் பாதியில் நின்றுவிடுகிறது

தேக்குப்பலகை:
வணக்கம். வீட்டு உள் அலங்காரத்துக்கு பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் படம் செய்து கொடுப்பது என் பிழைப்பு. கிராஃபிக்ஸ் கார்டு என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ, அதன் மெமரி 8 ஜிபி. ராம் 32 ஜிபி, பவர் சப்ளை 650 வாட். இரண்டு வாரமாக ஒரு சமையலறைக் காட்சியை ரெண்டர் போட்டால், அதாவது 3டி காட்சியை முழுப் படமாக்கினால், ஜிபியு (கார்டு) மெமரி போதவில்லை என்று சிவப்பு எழுத்தில் வந்து நின்றுவிடுகிறது. சிபியுவில் போட்டால் ஓடுகிறது, ஆனால் ஒரு படத்துக்கு விடிய விடிய ஆகிறது.

புதிதாக வாங்கலாம் என்று பார்த்தால் எல்லா யூடியூப் சேனலிலும் என்விடியாவின் 5070 சூப்பர் கார்டு 18 ஜிபியுடன் வரப்போகிறது, இப்போது வாங்குகிறவன் ஏமாந்தவன் என்கிறார்கள். இதை நம்பித்தான் போன வருடத்திலிருந்து தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். காத்திருக்கவா, இருப்பதை வாங்கவா? யாராவது சொல்லுங்கள், வேலை தேங்கிக்கிடக்கிறது.

நள்ளிரவு ரெண்டர்:
அந்த 18 எங்கிருந்து வந்தது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள் நண்பரே. 5070இன் மெமரி பாதை 192 பிட். ஒரு சிப்புக்கு 32 பிட் வீதம் ஆறு சிப். இப்போது ஒவ்வொன்றும் 2 ஜிபி, ஆக 12. அதே இடத்தில் 3 ஜிபி சிப்பை வைத்தால் 18. இதே கணக்கைத்தான் 256 பிட் உள்ள 5080க்கும் போட்டு, சூப்பர் வந்தால் 24 ஜிபி என்கிறார்கள். 3 ஜிபி சிப் கற்பனை இல்லை, 24 ஜிபியுடன் வரும் லேப்டாப் 5090இல் அதுதான் இருக்கிறது. அதனால்தான் இந்த வதந்தி இவ்வளவு உண்மைபோலத் தெரிகிறது. ஆனால் செய்ய முடியும் என்பது வேறு, செய்து விற்பார்கள் என்பது வேறு. 2026 ஜனவரி சிஇஎஸ் மின்னணுக் கண்காட்சியில் வரும் என்று பலர் அடித்துச் சொன்னார்கள், என்விடியா அங்கே புதிய கார்டு எதையும் அறிவிக்கவில்லை. மெமரி சிப் விலை ஏறிக்கொண்டிருக்கும்போது ஒரு கார்டில் கூடுதலாக 6 ஜிபி வைப்பார்களா என்பதையும் யோசியுங்கள்.

பழைய கேபினட்:
2022இல் நான் பட்டதைச் சொல்கிறேன். என்விடியாவின் 4090 கார்டு வருவதற்கு முன் அது 600 வாட் இழுக்கும் என்று மாதக்கணக்கில் பேச்சு, சிலர் 900 என்றுகூட எழுதினார்கள். அதை நம்பி 1200 வாட் பவர் சப்ளை வாங்கினேன். அக்டோபர் 12 அன்று கார்டு விற்பனைக்கு வந்தபோது 450 வாட். அப்புறம், வதந்தியை விடுங்கள், நிறுவனமே மேடையில் சொன்னதுகூட மாறியது. 899 டாலர் என்று செப்டம்பரில் அறிவித்த 4080 12 ஜிபியை அக்டோபர் 14 அன்று திரும்பப் பெற்றார்கள். அதே கார்டு 2023 ஜனவரியில் 4070 டிஐ என்ற பெயரில் 799 டாலருக்கு வந்தது. அதற்குப் பிறகு, கடையில் பெட்டியாக இருப்பதை மட்டும்தான் கணக்கில் எடுக்கிறேன்.

நள்ளிரவு ரெண்டர்:
சரி, கார்டை வாங்குவதற்கு முன் ஒன்று. டெக்ஸ்ச்சர், அதாவது மரம், டைல்ஸ் மேல் ஒட்டும் படங்கள் எல்லாம் எந்த அளவில் போட்டிருக்கிறீர்கள்?

தேக்குப்பலகை:
எல்லாமே 8கே. மரம், கிரானைட், டைல்ஸ் என்று 12 மெட்டீரியல், ஒவ்வொன்றுக்கும் 3 படம். ஆனால் ஃபைல் எல்லாம் ஜேபெக்தான், ஒன்று 15 எம்பி தாண்டாது.

நள்ளிரவு ரெண்டர்:
அங்கேதான் சிக்கல். ஜேபெக் டிஸ்க்கில் மட்டும்தான் சுருங்கியிருக்கும், கார்டுக்குள் போகும்போது விரிந்துவிடும். 8192 பெருக்கல் 8192 புள்ளி, புள்ளிக்கு 4 பைட், ஆக ஒரு படம் 256 எம்பி. உங்கள் 36 படமும் சேர்ந்தால் 9 ஜிபி வரை போகும், அறையின் வடிவங்களைச் சேர்க்காமலேயே. ரெண்டர் ப்ராப்பர்ட்டீஸில் சிம்ப்ளிஃபை என்று ஒரு பகுதி இருக்கும், அதை டிக் செய்து ரெண்டருக்கான டெக்ஸ்ச்சர் லிமிட்டை 2048 ஆக்குங்கள். படம் ஒன்றுக்கு 16 எம்பிதான் ஆகும், 36க்கும் 576 எம்பி. போட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.

தேக்குப்பலகை:
ஓடிவிட்டது!! உச்சத்தில் 5 ஜிபிகூட தொடவில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் இழுப்பறையில் மட்டும் தேக்கின் ரேகை கொஞ்சம் மங்கலாக இருந்தது. அதனால் லிமிட்டை எடுத்துவிட்டு, அந்த ஒன்றை மட்டும் 4கேயாகவும் மற்றதையெல்லாம் கையாலேயே 2கேயாகவும் மாற்றினேன், ரேகை திரும்பி வந்தது. இரண்டு வாரம் தூக்கமில்லாமல் கிடந்தேன், ரொம்ப நன்றி. ஆனாலும் அடுத்த மாதம் முழு வீட்டு வேலை ஒன்று வருகிறது, அதற்கு 8 போதாது என்றே நினைக்கிறேன்.

பழைய கேபினட்:
அப்படியென்றால் 5060 டிஐ 16 ஜிபி பாருங்கள். 180 வாட்தான், என்விடியா 600 வாட் பவர் சப்ளை போதும் என்கிறது, உங்களுடையது தாங்கும். 5070 டிஐயும் 16தான், வேகம் நிறைய, ஆனால் 300 வாட் கார்டு, 750 கேட்கிறார்கள், பவர் சப்ளையையும் மாற்ற வேண்டி வரும். ஒன்றில் மட்டும் கவனம், 5060 டிஐ அதே பெயரில் 8 ஜிபியிலும் விற்கிறது. பெட்டியில் 16 என்று கண்ணால் பார்த்து, பில்லிலும் எழுதி வாங்குங்கள்.

தேக்குப்பலகை:
சரி அண்ணா, சனிக்கிழமை போகிறேன். கேபினட்டுக்குள் நீளம் அளந்துவிட்டேன், இடம் இருக்கிறது.