புதுப்பிப்பு: சியானாவின் பாலியோ விழாவில் மக்களைப் படமெடுத்தது

பாலியோ குதிரைப் பந்தயத்தின்போது இத்தாலியின் சியானா நகரத்து மக்களை இயல்பாகப் படமெடுக்க எந்த லென்ஸ் தோதானது, முன் அனுமதி கேட்க வேண்டுமா என்று இந்த இழையில் கேட்டிருந்தேன். ஆகஸ்ட் 16 பந்தயத்தைப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

பலரும் பரிந்துரைத்த 35 மி.மீ. லென்ஸே போதுமானதாக இருந்தது. பந்தயம் நடக்கும் காம்போ சதுக்கத்தின் நடுவே நிற்கக் கட்டணம் இல்லை என்றாலும், அந்த நெரிசலில் முதுகுகளும் உயர்த்திய கைபேசிகளுமே படத்தில் விழும். நல்ல படங்கள் கிடைத்தவை பேட்டைகளில்தான். கொன்த்ராதா எனப்படும் 17 பேட்டைகளில் 10 மட்டுமே ஒரு பந்தயத்தில் ஓடுகின்றன. அவை அன்று பிற்பகல் தத்தம் தேவாலயத்துக்குள்ளேயே குதிரையை அழைத்துச் சென்று ஆசி பெறுகின்றன. அப்படியொரு வாசலில், பேட்டையின் நிறங்கொண்ட பட்டுத் துண்டைத் தோளில் போட்டிருந்த மூதாட்டி ஒருவர், அதன் நுனியைப் பல்லால் கடித்தபடி குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கேமராவை அவர் பொருட்படுத்தவே இல்லை. (குதிரை மிரளும் என்பதால் அங்கே ஃபிளாஷ் கூடவே கூடாது.)

அனுமதியைப் பொறுத்தவரை, இத்தாலியின் 1941ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பொதுவெளி நிகழ்வுகளோடு தொடர்புடைய உருவப்படங்களை வெளியிட ஒப்புதலைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் ஒருவரின் மதிப்பைக் குலைக்கும் படத்துக்கு இந்த விலக்கு பொருந்தாது. தோற்ற பேட்டைக்காரர்கள் தெருவில் விம்மி அழுத படங்களை, சட்டம் தடுக்காவிட்டாலும், நான் வெளியிடப் போவதில்லை.