சிங்கப்பூர் துணை நிறுவனப் பங்குகளை அடகு வைப்பது: 65 சதவீதமா, முழுவதுமா?

வணக்கம். அமெரிக்காவில் ஒரு குடும்ப நிறுவனத்தின் நிதிப் பிரிவில் இருக்கிறேன். எஸ் கார்ப்பரேஷன், அதாவது லாபத்துக்கான வரியைப் பங்குதாரர்களே தனிநபர்களாகக் கட்டுகிறார்கள். புதிய கடனுக்கு எங்கள் சிங்கப்பூர் துணை நிறுவனத்தின் பங்குகள் முழுவதையும் வங்கி ஈடாகக் கேட்கிறது.

வாக்குரிமைப் பங்குகளில் மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ அடகு வைத்து, துணை நிறுவனம் சொத்தை விற்கவோ கடன் வாங்கவோ கட்டுப்பாடும் போட்டால், அமெரிக்க வரிச் சட்டத்தின் 956ஆம் பிரிவுப்படி அந்தத் துணை நிறுவனமே ஈடு தந்ததாகக் கொள்வார்கள். அங்கே தேங்கியுள்ள, இன்னும் வரி கட்டாத லாபத்துக்கு, ஒரு காசு கைக்கு வராமலே வரி விழும். 65 சதவீதம் மட்டும் அடகு வைக்கும் வழக்கம் அதனால்தான் வந்தது.

அமெரிக்க வரித்துறையின் 2019 விதிகள் இதைத் தளர்த்திவிட்டன என்கிறார் வங்கியின் வக்கீல். சரிதான், ஆனால் அந்தச் சலுகை தன் பெயரில் வரி கட்டும் கார்ப்பரேஷன்களுக்கு. எங்கள் பங்குதாரர்களுக்கு இல்லை. அவர்களில் சிலர் ஓய்வுபெற்ற பெரியவர்கள். அவர்கள் தலையில் இது விழக்கூடாது.

இதே நிலையில் வங்கியை 65 சதவீதத்துக்குச் சம்மதிக்க வைத்தவர்கள் இருக்கிறீர்களா? கடன் ஒப்பந்தத்தில், ஈட்டிலிருந்து விலக்கும் சொத்துகள் பற்றிய பிரிவில் என்ன வாசகம் சேர்த்தீர்கள்? கடனுக்குத் துணை நிறுவனம் ஜாமீன் தருவதையும் அங்கேயே விலக்கினீர்களா? அப்புறம், சிங்கப்பூர் சட்டப்படி தனி அடகுப் பத்திரமும் கேட்டார்களா? அடுத்த வாரம் வரைவைத் திருப்பி அனுப்ப வேண்டும்.