பதில்: செகண்டரீஸுக்குத் தமிழ் - தாவலா, சேய்ப்புற்றா?

அண்ணா, ஓரிடத்துப் புற்று உடம்பின் வேறு இடத்துக்குப் பரவி அங்கே உண்டாக்கும் கட்டியைத்தான் டாக்டர்கள் 'செகண்டரீஸ்' என்கிறார்கள்; அதற்கு நீங்கள் சொன்ன 'தாவல்' காதுக்கு நன்றாகத்தான் இருக்குதுங்க. கணினிக்காரர்கள் உலாவியில் வரும் 'டேப்'புக்கு அதை எப்போதோ எடுத்துக்கொண்டார்கள், அது போகட்டும். தாவல் என்றால் நடந்த செயல்; போய் உட்கார்ந்த கட்டிக்கல்லவா நமக்குப் பெயர் வேண்டும்?

கோவை ஆஸ்பத்திரிகளில் 'செகண்டரீஸ்' என்று சொன்னால், தாராபுரத்திலிருந்தோ கோபியிலிருந்தோ நோயாளிக்குத் துணையாக வந்தவர் அதை இரண்டாவது கேன்சர் என்று எடுத்துக்கொண்டு, தைராய்டில் வந்தது போதாதென்று கிட்னியிலும் புதுசாக ஒன்றா என்று கலங்கிப்போகிறார். கிட்னியில் இருப்பதும் தைராய்டுப் புற்றுதான், வைத்தியமும் அதை வைத்தே முடிவாகும். அதனால்தான் முதலில் முளைத்ததைத் தாய்ப்புற்று, அதிலிருந்து போனதைச் சேய்ப்புற்று என்கிறேன். சேய்மை என்ற தொலைவுப் பொருளும் கூடவே வந்துவிடுகிறது.

அடுத்து, வழக்கமில்லாத இடங்கள். தைராய்டுப் புற்றில் பாப்பில்லரி என்ற வகை பெரும்பாலும் கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குப் போகும், ஃபாலிகுலர் என்ற வகை ரத்தம் வழியாக நுரையீரலுக்கும் எலும்புக்கும். கிட்னி, கணையம், தசை, கண்ணுக்குள், தலைத்தோல் எல்லாம் அபூர்வம்; தலையில் வந்ததைக் கொழுப்புக் கட்டி என்று விட்டுவிடவும் கூடும். இதற்கு நீங்கள் சொன்ன 'விந்தைப் பரவல்' வேண்டவே வேண்டாம், நோயாளிக்கு வேடிக்கை மாதிரி கேட்கும். 'அரிதிடச் சேய்ப்புற்று' போதும்.

அனாபிளாஸ்டிக் வகைக்குக் 'கொடும்புற்று' என்றீர்கள். தைராய்டுப் புற்றில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் இந்த வகை, வேகமும் கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் பெயர் பயமுறுத்துவதோடு நின்றுவிடுகிறது, விஷயத்தைச் சொல்லவில்லை. இந்த செல்கள் தைராய்டு செல்லின் சாயலையே தொலைத்துவிட்டவை. அயோடினை இழுக்காது, அதனால் புற்று செல்களை அழிப்பதற்கான கதிரியக்க அயோடின் 131 கொடுத்தும் பலனில்லை. 'குணமிழந்த புற்று' என்று முதலில் யோசித்தேன், குணமாகாத புற்று என்று படித்துவிடுவார்கள். பிராஃப் வி600இ மரபணு மாற்றம் இருக்கும் அனாபிளாஸ்டிக் கட்டிகளுக்கு 2018இல் அமெரிக்காவில் டாப்ராஃபெனிப், ட்ராமெடினிப் மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுக்க அனுமதி வந்தது. அப்படியிருக்கப் பெயரிலேயே கதவை அடைப்பானேன்? 'சாயலிழந்த புற்று' சரியாக வருமா பாருங்கள்.

ஆட்சேபணை இருந்தால் எழுதுங்க. தைராய்டுக்குக் 'கேடயச் சுரப்பி' என்ற பெயரை மட்டும் மறுபடி இழுக்காதீங்க, தைராய்டு தைராய்டாகவே இருக்கட்டும்.