வேல்ஸ் கருப்பு ஏல், ஒரு பாட்டிலைக் கெடுத்துவிட்டேன், இன்னொன்று மிச்சம் இருக்கிறது. எப்படிக் குடிப்பது?

பாகலூர்_ரோடு (ஓசூர்) எழுதியது:

வணக்கம் மக்களே. விஷயம் சின்னது, ஆனால் வீட்டில் யாரிடமும் கேட்க முடியாது, அதனால் இங்கே வந்தேன். என் மச்சான் வேல்ஸில், கார்டிஃபில் படிக்கிறான். பொங்கலுக்கு வந்தபோது இரண்டு பாட்டில் கருப்பு ஏல் (அதுவும் ஒரு வகை பீர்தான்) கொண்டுவந்து கையில் திணித்துவிட்டு, "இதை மட்டும் நம்ம ஊர் பீர் மாதிரி குடிச்சிடாதே" என்று சொல்லிவிட்டுப் போனான். எப்படிக் குடிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை.

நானும் நம்ம ஊர் பீர் மாதிரிதான் குடித்தேன். ஃப்ரீசரில் ஒரு மணி நேரம், பெரிய மக்கில் மொத்தமாக ஊற்றல், பக்கத்தில் காரச் சிப்ஸ். உண்மையைச் சொன்னால் ஒன்றுமே இல்லை. ஆறிப்போன காபித் தண்ணீரில் கொஞ்சம் கேஸ் ஏற்றிய மாதிரி இருந்தது. பாதியில் ஆபீஸிலிருந்து போன் வந்தது, மொட்டை மாடியில் நின்று முக்கால் மணி நேரம் பேசினேன், திரும்பி வந்து மக்கின் அடியில் கிடந்த மிச்சத்தைக் கொட்டப் போய், சரி வீணாக்க வேண்டாம் என்று வாயில் விட்டால் அது வேறு சரக்கு! வறுத்த வாசனை, அடியில் லேசாக வெல்லம், அப்புறம் ஏதோ ஒரு பழ வாசனை. இரண்டே மடக்கு. அதற்குள் தீர்ந்துவிட்டது.

இன்னொரு பாட்டில் இருக்கிறது, 500 மில்லி, 4.1 சதவீதம் என்று போட்டிருக்கிறது. இவ்வளவு கருப்பாக இருந்துகொண்டு 4.1தானா? பாட்டில் அடியில் மாவு மாதிரி ஏதோ படிந்திருக்கிறது, கெட்டுப்போய்விட்டதா? லேபிளில் பாதி வெல்ஷ் மொழி. சி, டபிள்யூ, ஆர், டபிள்யூ என்று ஒரு வார்த்தை, நடுவில் ஒரு உயிரெழுத்துகூட இல்லை. இதை எப்படித்தான் படிக்கிறார்கள்?

---

பென்னாகரத்தான் எழுதியது:

ஃப்ரீசரில் வைத்தவனுக்கு இரண்டாவது பாட்டில் எதற்கு? முகவரி அனுப்புங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன்.

---

மலையடிவாரம் (கிருஷ்ணகிரி) எழுதியது:

தம்பி, நான் நாலு வருஷம் கார்டிஃபில் இருந்தவன், தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் அந்த வார்த்தை. வெல்ஷ் மொழியில் டபிள்யூவே உயிரெழுத்துதான், நம்ம 'ஊ', 'உ' மாதிரி. அதனால் அது "கூரு". பீர் என்று அர்த்தம், அவ்வளவுதான். கிளாஸைத் தூக்கும்போது "யெகிட் தா" என்பார்கள், நல்ல ஆரோக்கியம் என்று பொருள்.

அடியில் படிந்திருப்பது ஈஸ்ட். சில ஏல்களைப் பாட்டிலுக்குள்ளேயே கொஞ்சம் ஈஸ்ட்டோடு அடைப்பார்கள், உள்ளே மெதுவாக நொதித்து கேஸ் அதுவாக ஏறும். கெட்டது இல்லை, குடித்தாலும் ஒன்றும் ஆகாது, கலங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். பாட்டிலை ஒரு நாள் முழுக்க நிமிர்த்தி வைத்துவிட்டு, கிளாஸைச் சாய்த்து ஒரே ஊற்றாக ஊற்றுங்கள். நடுவில் நிறுத்தி நிறுத்தி ஊற்றினால் அடிமண்டி கிளம்பி மேலே வந்துவிடும். கடைசி ஒரு விரல் அளவைப் பாட்டிலிலேயே விட்டுவிடலாம்.

இப்போது உங்கள் மொட்டை மாடி சமாச்சாரம். அந்த முக்கால் மணி நேரம்தான் பதில். அங்கே பப்களில் இந்த மாதிரி ஏல் நிலவறையில் பீப்பாயில் இருக்கும், கையால் இழுக்கும் பம்பு வழியாக மேலே வரும், கிளாஸில் விழும்போது 11 முதல் 13 டிகிரிதான். நம் ஃப்ரிட்ஜ் 4, 5 டிகிரி, ஃப்ரீசர் கேட்கவே வேண்டாம். அந்தக் குளிரில் வாசனை எழும்பாது, நாக்கும் மரத்துப்போகும். கிருஷ்ணகிரிக்காரனுக்கு இதை விளக்க ஒரு பழம் போதும்: ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த செந்தூராவை உடனே கடித்துப் பாருங்கள், இனிப்பு இருக்கும், மாம்பழம் இருக்காது. அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு அதே பழத்தை முகர்ந்தால் வீடே மணக்கும். நம்ம லாகர் பீரில் பெரிதாக ஒளித்துவைத்த வாசனை இல்லை, அதனால் ஐஸ் மாதிரி குடிக்கலாம். இது அப்படி இல்லை.

ஓசூரில் இந்த மாதம் ராத்திரி குளிர்தானே. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி, முக்கால் மணி நேரம் வெளியே வையுங்கள். (தர்மபுரியில் மே மாதம் என்றால் பத்து நிமிஷமே ஜாஸ்தி.) மக் வேண்டாம், ஸ்டீல் டம்ளர் வேண்டவே வேண்டாம். கண்ணாடி கிளாஸ், பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள், வாசனை நிற்க இடம் வேண்டும். கிளாஸைச் சோப்பு வாசனை போகுமளவு நன்றாக அலசுங்கள், எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ இருந்தால் நுரை நிற்காது. சிப்ஸ் தின்ற உதட்டோடு வாய் வைத்தாலும் நுரை செத்துவிடும், உங்களுக்கு அதுவும் நடந்திருக்கும்.

ஊற்றினதும் குடிக்காமல் ட்யூப்லைட்டுக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். கருப்பு என்று நினைத்தது ஓரத்தில் மாதுளைச் சிவப்பாகத் தெரியும். எனக்கு அதில் பிடித்த இடம் அதுதான், முதல் மடக்கைவிட.

---

மலையடிவாரம் மறுபடியும் எழுதியது:

4.1 பற்றிக் கேட்டீர்கள், விட்டுவிட்டேன். கருப்பு என்றால் ஸ்ட்ராங் என்பது நாமே கட்டிய கதை. தெற்கு வேல்ஸில் நிலக்கரிச் சுரங்கத்திலும் இரும்பாலையிலும் வியர்வை ஊற்ற உழைத்து வெளியே வந்தவன் தாகத்துக்குக் குடித்தது இந்த மாதிரி சாராயம் குறைந்த, கசப்பு குறைந்த கருப்பு மைல்டுதான். கார்டிஃபில் 1882இல் தொடங்கிய பிரெயின்ஸ் மதுவாலையின் 'டார்க்' அந்த வம்சம். அந்த ஊர் பப்பில் போய் "ஒரு பைண்ட் டார்க்" என்றால் போதும், வேறு விளக்கம் தேவையில்லை. ஒரு பைண்ட் 568 மில்லி.

வேல்ஸ்காரர்கள் இன்னொரு பெருமையும் சொல்வார்கள். லனெத்லி என்ற ஊர் பக்கத்திலிருக்கும் ஃபெலின்வோயல் மதுவாலை 1935இலேயே பீரை டின்னில் அடைத்தது, ஐரோப்பாவில் முதல் ஆள் இவர்கள்தான். அந்த ஊரே தகரத் தொழில் ஊர், தகரத்துக்கு வேலை வேண்டுமே! அந்த டின் இப்போதைய கேன் மாதிரி இருக்காது, மேலே கூம்பு வைத்து சோடா மூடி போட்டு, பித்தளை பாலிஷ் டப்பா மாதிரி இருக்கும்.

---

ராகிமால்ட்_அக்கா (பாலக்கோடு) எழுதியது:

நான் குடிக்கிற ஆள் இல்லை, தலைப்பைப் பார்த்து உள்ளே வந்தேன். ஆனால் பீர் என்றாலே மால்ட்தான், அதனால் வாயை மூடிக்கொண்டு போக முடியவில்லை. பன்னிரண்டு வருஷமாக ராகி முளைகட்டிக் காயவைத்து அரைத்து விற்கிறேன்.

மால்ட் என்றால் முளைகட்டிய தானியம், அவ்வளவுதான். அங்கே பார்லி, இங்கே ராகி. ஊறவைத்து ஈரத்துணியில் கட்டிப் போட்டால் மறுநாள் வெள்ளையாக வால் விடும். அந்த முளை வரும்போது தானியத்துக்குள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிற நொதி உண்டாகிறது. சாதா ராகி மாவில் கஞ்சி காய்ச்சினால் கரண்டி நிற்கும், அதே அளவு முளைகட்டிய மாவில் காய்ச்சினால் தண்ணியாக ஓடும், லேசாக இனிக்கும். கைக்குழந்தைக்கு அதனால்தான் அதைக் கொடுக்கிறோம். பீர் காய்ச்சுபவர்களும் இதையேதான் செய்கிறார்கள் என்று என் தம்பி பெங்களூரில் ஒரு பீர் தயாரிக்கும் இடத்தில் வேலைக்குப் போனபோது சொன்னான்: மால்ட்டை 65 டிகிரி சுடுதண்ணீரில் ஊறவைத்தால் சர்க்கரைத் தண்ணீர் வரும், அதை ஹாப்ஸ் (கசப்புக்குப் போடுகிற ஒரு கொடியின் பூ) போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து ஈஸ்ட் போடுகிறார்கள்.

கருப்பு எங்கிருந்து வருகிறது என்றால் வறுவலில். நான் மால்ட்டை இளஞ்சூட்டில்தான் வறுப்பேன், கொஞ்சம் கருகினால் நொதி செத்துவிடும், கஞ்சி இளகாது. அவர்கள் பெரும்பகுதியை என்னை மாதிரி பக்குவமாக எடுத்து, 100 கிலோவில் ஐந்தாறு கிலோவை மட்டும் 200 டிகிரிக்கு மேல் காபிக்கொட்டை மாதிரி கருக்கி எடுத்துச் சேர்க்கிறார்கள். அந்த ஐந்தாறு கிலோ நிறத்துக்கும் வாசனைக்கும்தான், போதைக்கு அதில் ஒன்றும் இல்லை. 1817இல் டேனியல் வீலர் என்ற ஆங்கிலேயர் இப்படி வறுப்பதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார், காபி வறுக்கிற மாதிரியே சுற்றுகிற உருளைதான். நம்ம கடைத்தெருவில் காபிப்பொடிக் கடை வாசலில் நின்றால் வருமே ஒரு வாசனை, அதற்கும் இதற்கும் ஒரே தாய்.

ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுக்காதீர்கள். குடிக்கும்போது லேபிளில் சாக்லேட், டாஃபி என்று எழுதியிருப்பதைத் தேடாதீர்கள். நமக்கு அதைவிட நல்ல வார்த்தைகள் இருக்கின்றன. வறுத்தது வேறு, தீய்ந்தது வேறு, கருகல் வேறு, களிச் சட்டியின் அடியில் பிடிக்கிற காந்தல் வேறு. வெல்லம் வேறு, பாகு முறுகினது வேறு. எது வருகிறது என்று அந்தப் பெயரில் யோசித்துப் பாருங்கள்.

---

பென்னாகரத்தான் எழுதியது:

அக்கா பதிலுக்குப் பிறகு நான் முதலில் போட்டதை அழித்துவிடலாமா என்று இருக்கிறது.

---

நேர்_கேள்வி (காவேரிப்பட்டணம்) எழுதியது:

எல்லாம் சரி, எனக்கு ஒன்று புரியவில்லை. 4 சதவீதத் தண்ணீரை முகர்ந்து, ட்யூப்லைட்டில் பார்த்து, முக்கால் மணி நேரம் காத்திருந்து குடிப்பதற்குப் பதில் ஒரு ஸ்ட்ராங் வாங்கினால் அரை மணியில் வேலை முடிந்தது. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி உங்கள் ஓசூர் பக்கத்தில்தான் இருக்கிறது. 1937இல் அவர் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில், அப்போது நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டமும் சேலத்துக்குள்தான். அந்த மண்ணில் உட்கார்ந்து வெள்ளைக்காரன் மாதிரி ருசி பார்க்கிறீர்களே!

---

மலையடிவாரம் எழுதியது:

வேலை முடிவதுதான் குறி என்றால் நீங்கள் சொல்வது சரி, எனக்கு மறுப்பில்லை. இந்த இழையில் யாரும் அந்த வேலைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

மதுவிலக்கு என்றதும் நினைவு வருகிறது. வேல்ஸிலும் அது இருந்தது, வேறு மாதிரி. 1881இல் சட்டம் போட்டு ஞாயிற்றுக்கிழமை பப் எல்லாவற்றையும் மூடினார்கள், கிறிஸ்தவ சபைக்காரர்கள் செல்வாக்கு அப்படி. 1961லிருந்து அந்தந்தப் பகுதி மக்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யலாம் என்று ஆயிற்று, ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். கடைசிவரை பிடிவாதமாக மூடியே வைத்தது வடமேற்கில் டுவிவோர் என்ற பகுதி, 1996 வரை! அதே பகுதியிலுள்ள போர்த்மாடோகில் 2005இல் பர்ப்பிள் மூஸ் என்று ஒரு மதுவாலை தொடங்கி, இப்போது அவர்கள் கருப்பு ஏல் 'டார்க் சைட் ஆஃப் த மூஸ்' பெயர் வாங்கியிருக்கிறது. கிடைத்தால் உங்கள் மச்சானிடம் சொல்லிவையுங்கள் தம்பி.

கூட என்ன தின்பது என்று கேட்கவில்லை, நானே சொல்கிறேன். காரச் சிப்ஸ் வேண்டாம், மிளகாய் எரிச்சலில் இந்த மாதிரி மெல்லிய ருசி அடிபட்டுவிடும். மணலில் வறுத்த நிலக்கடலை, உப்பு கம்மியாக. அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

---

பாகலூர்_ரோடு எழுதியது (நான்கு நாள் கழித்து):

நேற்று ராத்திரி முடித்துவிட்டேன், எல்லாம் சொன்னபடி. பாட்டிலை ஒரு நாள் நிமிர்த்தி வைத்து, நாற்பது நிமிஷம் வெளியே எடுத்து வைத்து, டீக்கடை கண்ணாடி கிளாஸ் இரண்டு அலசி, சாய்த்து ஊற்றினேன். நுரை பழுப்பாக, சுண்டக் காய்ச்சிய பாலின் ஏடு நிறத்தில் நின்றது. வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் சிவப்பு, அண்ணன் சொன்னது சரி.

அக்கா சொன்னபடி பெயர் வைத்துப் பார்த்தேன். முகர்ந்தால் வறுத்த ராகி, அதில் சந்தேகமே இல்லை. வாயில் முதலில் முறுகின பாகு, விழுங்கினதும் காந்தல், கசப்பு வருவதற்குள் போய்விடுகிறது. அன்றைக்கு மாடியில் எனக்குப் பழ வாசனை என்று தோன்றியது எது என்றுதான் ரொம்ப நேரம் யோசித்தேன். திராட்சை என்று லேபிளில் இருக்கிறது. எனக்கு அது கொட்டை எடுத்த பழம்புளி, புதுசாக வந்த புளி, பானையைத் திறந்ததும் வருமே, அது. கிளாஸ் சூடேற ஏற அந்த வாசனைதான் கூடிக்கொண்டே போனது.

இரண்டாவது கிளாஸ் எதற்கு என்று கேட்பீர்கள். அப்பா மாடிக்கு வந்துவிட்டார். மறைக்க நேரமில்லை. வாங்கி ஒரு மடக்கு குடித்துவிட்டு, "களிச் சட்டி கழுவின தண்ணியாட்டம் இருக்குது" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நிலக்கடலையை உரித்துக்கொண்டே இன்னொரு மடக்கு. அப்புறம் கிளாஸைக் கீழே வைக்கவே இல்லை.

மச்சான் மறுபடியும் ஜூலையில் வருகிறான். ஒரு ஆளுக்கு இரண்டு லிட்டர்தானே விமானத்தில் வரி இல்லாமல் விடுவார்கள், அப்படியென்றால் 500 மில்லி பாட்டில் நான்கு வருமா?

---

மலையடிவாரம் எழுதியது:

வரும். பெட்டியில் துணிக்கு நடுவில் சுற்றி வைக்கச் சொல்லுங்கள், வந்த அன்றைக்கே திறக்காதீர்கள், குலுங்கி வந்தது ஒரு நாளாவது நிற்கட்டும்.

---

பென்னாகரத்தான் எழுதியது:

நாலில் ஒன்று எனக்கு. நான் ஃப்ரீசர் வாங்கவே இல்லை, சத்தியமாக.