ஹோல்ஸ்டருக்கும் தோட்டா பெல்ட்டுக்கும் ஒரே தடிமன் தோல் போதுமா?

பர்ஸ்மட்டும்:
இதுவரை பர்ஸ், கத்தி உறை, நாய்க் கழுத்துப்பட்டை இவ்வளவுதான் தைத்திருக்கிறேன். இப்போது ஆசை பெரிதாகிவிட்டது. கோல்ட் 1873 சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர் மாதிரியின் ரெப்ளிகா (நகல்) ஒன்று இருக்கிறது, 5½ அங்குலக் குழல். அதற்கு மெக்சிகன் லூப் ஹோல்ஸ்டரும் (பின்தகட்டு லூப்புகளில் நுழையும் துப்பாக்கி உறை), தோட்டா செருக 24 லூப் வைத்த தோட்டா பெல்ட்டும் செய்யவேண்டும். பெல்ட் தொய்யக் கூடாது என்பதால் 10-12 அவுன்ஸ் தோலில் ஒரு முதுகுப் பகுதி வாங்கி எல்லாவற்றையும் அதிலேயே வெட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். சரியா, இல்லை காசைத் தண்ணீரில் போடுகிறேனா?

ஊசிநூல்:
வாங்குவதற்கு முன்னால் கேட்டீர்களே, அதுவே பாதி வேலை. தோலின் தடிமனைச் சொல்லும்போது ஒரு அவுன்ஸ் என்றால் 1/64 அங்குலம், சுமார் 0.4 மி.மீ. அப்படியானால் 12 அவுன்ஸ் தோல் கிட்டத்தட்ட 4.8 மி.மீ. ஹோல்ஸ்டரின் ஓரத்தில் இரண்டு தோலும் நடுவில் ஒரு வெல்ட்டும் (தையலுக்கிடையே வைக்கும் தோல் பட்டி) சேர்ந்து மூன்று அடுக்கு வரும். 14 மி.மீ. தடிமனில் கையால் தைத்துப் பாருங்கள், ஊசி முறியும், இல்லையென்றால் விரல் நகம் போகும். அதைவிடப் பெரிய சிக்கல் மெக்சிகன் லூப்பின் மேல் மடிப்பு. ஒரே துண்டுத் தோல் வாயருகே பின்பக்கமாக மடிந்து கீழே இறங்கவேண்டும், பிறகு உறையை அந்தப் பின்தகட்டின் லூப்புகளுக்குள் நுழைக்கவேண்டும். கனத்த தோல் அங்கே மடியாமல் முறைத்துக்கொண்டு நிற்கும், விடாப்பிடியாக மடித்தால் மேல்தோல் வெடிக்கும்.

ஒற்றைத் தோல் என்றால் 8-9 அவுன்ஸ் போதும். லைனிங் வைப்பதென்றால் வெளியே 6-7, உள்ளே 2-3. கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய அதே கனம்தான், ஆனால் இரண்டு பக்கமும் மழமழப்பாக இருக்கும், ஒட்டிய அடுக்கு என்பதால் விறைப்பும் கூடும்.

வெஜ் டேன் தோல் (தாவரச் சாற்றில் பதனிட்டது) மட்டும்தான். குரோம் டேனை (குரோமிய உப்பில் பதனிட்டது) நனைத்து வடிவம் பிடிக்கவைக்க முடியாது.

பழையபட்டறை:
ஹோல்ஸ்டரை ஊசிநூல் சொல்லிவிட்டார், நான் பெல்ட்டுக்கு வருகிறேன். உங்கள் பயம் நியாயம்தான். 24 தோட்டா, .45 கோல்ட் ரகம் என்றால், அரை கிலோவுக்கு மேல், அதோடு ஒரு கிலோ ரிவால்வர். ஆனால் அதற்காக ஒற்றைத் தடித் தோல் வேண்டியதில்லை. 19ஆம் நூற்றாண்டில் பலர் கட்டியது மணி பெல்ட்: மெல்லிய அகலத் தோலை இரண்டாக மடித்துத் தைத்து, ஒரு முனையில் கொஞ்சம் திறந்து விட்டு, உள்ளே காசு போட்டுக்கொள்வார்கள். 4-5 அவுன்ஸில் அப்படிச் செய்தால் இடுப்போடு படிந்து உட்காரும். விறைப்பாகவே வேண்டுமென்றால் 7-8 வெளியே, 3-4 உள்ளே.

அடுக்கு பெல்ட்டில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். மேசைமேல் நேராக விரித்து, இரண்டு துண்டையும் ஒரே நீளத்தில் வெட்டி, அழகாக ஒட்டித் தைத்து முடித்தேன். இடுப்பில் சுற்றியதும் உள்பக்கம் முழுக்கப் பல்லிடுக்கு மாதிரி சுருக்கம், ஏனென்றால் வளையும்போது உள்சுற்று சின்னதாகிறது, அந்த உபரித் தோல் போக வேறு இடமில்லை. இப்போதெல்லாம் கையில் வளைத்துப் பிடித்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டி வருவேன், மீறி நீட்டும் லைனிங்கைக் கடைசியில் வெட்டுவேன்.

லூப்புக்கு 4-5 அவுன்ஸ் வார். அதற்கு மேல் போனால் அந்தச் சின்ன வளைவில் சுற்றாது, குறைந்தால் சீக்கிரம் தளர்ந்துவிடும். உங்கள் டம்மி (வெடிக்காத மாதிரி) தோட்டாவை வைத்தே அளவெடுங்கள்; மெல்லிய .38 தோட்டாவுக்கு எடுத்த அளவு தடித்த .45க்கு உதவாது.

தோல்பொறுக்கி:
லைனிங் விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தக் காலத்து ஹோல்ஸ்டர்களில் பெரும்பாலும் லைனிங் கிடையாது, ஒற்றைத் தோல்தான். முதல் ஹோல்ஸ்டரிலேயே இரண்டு அடுக்கு ஒட்டும் தலைவலி எதற்கு? சொரசொரப்புப் பக்கத்தை நன்றாகத் தேய்த்துப் படியவைத்தால் போதும்.

அப்புறம் ஒன்று, தோட்டாக்களை லூப்பிலேயே விட்டு வைக்காதீர்கள். வெஜ் டேன் தோலில் இருக்கும் தோட்டாவின் பித்தளைக் கூடு பச்சையாகக் களிம்பு பிடிக்கும், துப்பாக்கியையும் ஹோல்ஸ்டருக்குள்ளேயே தூங்க விடக் கூடாது. தோலை மென்மையாக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெய் ஒரு மெல்லிய பூச்சு போதும், ஊற்றினால் கஷ்டப்பட்டுப் பிடித்த வடிவம் எல்லாம் தளதளவென்று ஆகிவிடும்.

பர்ஸ்மட்டும்:
நல்லவேளை, ஆர்டர் போடவில்லை. அப்போ ஹோல்ஸ்டர் 8-9 ஒற்றை, பெல்ட் 4-5 மடித்து, லூப்பும் அதே 4-5 தோலில். இரண்டே தோலில் முடிகிறது! லூப்பை வயிற்றுப் பகுதியில் வெட்டலாமா? விலை குறைவு.

பழையபட்டறை:
வேண்டாம் தம்பி. வயிற்றுத் தோல் இழுபடும், நான்கு தடவை தோட்டாவை எடுத்து வைத்தால் லூப் வாயைப் பிளந்துவிடும். பெல்ட் வெட்டிய முதுகுத் தோலின் மிச்சத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள். தோல் வந்ததும் காலிப்பரில் மூன்று நான்கு இடம் அளந்து பாருங்கள், 8-9 என்று விற்பது ஒரு மூலையில் 8, இன்னொரு மூலையில் 9 இருக்கும். மேல் மடிப்பு வரும் இடத்துக்கு மெல்லிய பக்கத்தை ஒதுக்குங்கள்.