முண்டியடித்தார்களா, நெருக்கியடித்தார்களா?

கேள்வி:
திருத்திக்கொண்டிருக்கும் ஒரு சிறுகதையில் இந்த வரி: "பேருந்து வாசலில் கூட்டம் நெறித்தது; எல்லோரும் நெருக்கியடித்துக்கொண்டு ஏறினார்கள்." ஏதோ இடறுகிறது. 'முண்டியடித்து' என்று மாற்றினால் போதுமா? பழைய இலக்கியத்தில் 'நெருக்கு' எப்படி வருகிறது?

மறுமொழி 1:
முதலில் எழுத்து. 'நெறித்தது' தப்பு, இடையின ரகரம்தான்: நெரி. வல்லினம் போட்டால் 'நெறி', வழி என்றாகிவிடும். 'கழுத்தை நெறித்தான்' என்று அச்சிலேயே பார்க்கலாம், தப்புதான்.

அடுத்து, நெரிந்தது தன்வினை, நெரித்தது பிறவினை. 'நெரித்தது' என்றால் எதை என்ற கேள்வி வரும். கழுத்தையோ புருவத்தையோ சொல்லியாக வேண்டும். கூட்டம் நெரியும், நெரிக்காது.

முண்டுவது தலையாலோ தோளாலோ முட்டித் தள்ளி முன்னே போவது. அதில் போட்டி உண்டு, திசை உண்டு. நெருக்கியடிப்பதில் திசை கிடையாது. மூன்று பேர் இருக்கையில் நாலாவது ஆளுக்கும் இடம் பண்ணுவது அது. ஆகவே முண்டியடித்துக்கொண்டு ஏறுவார்கள், ஏறியபின் நெருக்கியடித்துக்கொண்டு உட்காருவார்கள்.

மறுமொழி 2:
இலக்கியம் கேட்டீர்கள். வைணவர்களுக்கு நெருக்கு என்றதும் திருக்கோவலூர்தான். மழை இரவு, ஒரு வீட்டின் இடைகழி, அதாவது நடை. ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம். பொய்கை, பூதம், பேய் என்ற ஆழ்வார்கள் மூவரும் நின்றுகொண்டிருக்க நாலாவதாக ஒருவர் புகுந்து நெருக்குகிறார், அவர் பெருமாள். ஆலைக் கரும்பு உவமையும் இங்கே சொல்வதுண்டு: நெருக்கினால்தானே சாறு!

கம்பனில் கூட்டமே இல்லாமல் இந்த வினை வரும். மிதிலைக் காட்சிப் படலத்தில் இராமனைக் கண்ட சீதை, "நெருக்கி உள் புகுந்து" என்கிறாள். அடுத்த சொற்கள் "அரு நிறையும் பெண்மையும் உருக்கி". நிறை என்றால் மன உறுதி. நிறைந்திருப்பது என்ற ஒலியும் கூடவே கேட்கிறது. காலியான இடத்தில் ஒருவன் சும்மா நுழையலாம், நிறைந்த இடத்தில் நெருக்கித்தான் புக வேண்டும். 'நுழைந்து' என்றிருந்தால் இந்த அழுத்தம் கிடைத்திருக்காது.

மறுமொழி 3:
ஒரு கிளைச்செய்தி. நெருக்கியடிப்பதன் பெயர்ச்சொல்லான 'நெருக்கடி' இன்று வேறு பக்கம் போய்விட்டது. 1975 எமர்ஜென்சிக்குப் பிறகு 'நெருக்கடி நிலை' என்றால் அரசியல்தான். இடநெருக்கடியில் மட்டும் பழைய பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

'நெரிசலில் சிக்கிப் பலி' என்று செய்தித்தாள் எழுதுவதும் சரியான சொல். பெருங்கூட்டத்தில் பலர் மிதிபட்டுச் சாவதில்லை. நின்ற நிலையிலேயே மார்பு அழுந்தி, மூச்சை இழுக்க இடமின்றிச் சாகிறார்கள். 'மிதிபட்டு' என்று மாற்றும் உதவி ஆசிரியர்கள் கவனிக்கவும்.

கேட்டவர்:
"வாசலில் கூட்டம் நெரிந்தது, முண்டியடித்துக்கொண்டு ஏறினார்கள்" என்று வைத்துவிட்டேன். 'தள்ளுமுள்ளு' பொருந்துமா?

மறுமொழி 1:
வேண்டாம். அதில் கைகலப்பு வாடை அடிக்கும். நடத்துநரோடு சண்டை வந்தால் அப்போது போடுங்கள்.